ஆகஸ்ட் 1 கணக்கு

எங்கள் டெல்டாவில் எல்லோரும் ஆடிப்பெருக்கை எதிர்பார்த்திருக்கும்போது, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அதற்கு ஓரிரு நாள் முந்திய ஆகஸ்ட் 1 தான் கவலை. அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்தே பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்வார்கள். மிகுந்தவர் 'உபரி'; பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் மிஞ்சிய சாக்கைச் சொல்வதுபோல அது என்ன வார்த்தையோ!

2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. பத்துப் பிள்ளை இருந்தாலும் இரண்டு பேர் உண்டு என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 61 என்பது 60 ஆனால் குறைவது ஒரு பிள்ளை, போவது மூன்றில் ஒரு ஆசிரியர். வகுப்புகள் ஐந்தும் அப்படியே இருக்கும்.

நான் அப்போது ஒரத்தநாடு பக்கம் ஒரு சிற்றூரில் தலைமையாசிரியர். 2012இல் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. செப்டம்பர் 17இல்தான் திறந்தார்கள். புதுஆறு வறண்டு கிடந்தது. "நடவே இல்ல சார், இங்க இருந்து என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுக் கூலிக் குடும்பங்கள் பிள்ளைகளோடு திருப்பூருக்கு பஸ் ஏறின. ஜூனில் 63 இருந்தது ஆகஸ்ட் 1இல் 59.

பணியில் இளையவர் என்பதால் ஒன்று, இரண்டாம் வகுப்பு டீச்சர் போனார். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். தை அறுவடைக்கு இரண்டு குடும்பங்கள் திரும்பின. எண்ணிக்கை மறுபடி 63. டீச்சர் திரும்பவில்லை. எங்களில் ஒருவர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போனால், மற்றவருக்கு ஐந்து வகுப்பும்.

அடுத்த ஜூனில் ஊர் முனையில் தனியார் பள்ளி வேன் வந்து நின்றது. "ரெண்டு பேரு அஞ்சு கிளாஸ எப்படி சார் பாப்பீங்க?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பிள்ளையும் வேனில் போனான்.

பிறகு வந்த சமக்ர சிக்‌ஷா மானியமும் தலைக்கணக்குதான்: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. பிள்ளை குறைந்தால் கூரை ஒழுகாமல் இருக்குமா?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஓராண்டில் எண்ணிக்கை சரிந்தால் உடனே பணத்தை வெட்டாமல், சில ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கிறார்களாம். இங்கு மூன்றாண்டு சராசரி போதும். எங்கள் பள்ளியில் 2010இல் 66, 2011இல் 64, 2012இல் 59. சராசரி 63. அந்த டீச்சர் எங்களோடு இருந்திருப்பார்.