சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்

ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருஞ்சாலை கொட்டகலையைத் தாண்டிப் பத்தனையை நெருங்கியதும், வாகனத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பி டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். 97 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளித் தகடென விழும் அருவியைக் காணாமல் போகிறவன் கண் பெற்ற பயனை இழந்தவனே. ஆயினும், வாசகர்கள் அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சுற்றியுள்ள மலைகளையும் ஒருமுறை நோக்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையின் இடுப்பில் அணிந்த ஒட்டியாணம் போல வளைந்து வளைந்து ஏறும் குறுகிய பாதைகள் தென்படும். தோட்டப் பாதைகள் அவை. திம்புள்ளயின் உண்மைக் கதை அந்தப் பாதைகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

திம்புள்ள என்பது ஓர் ஊரின் பெயர். ஒரு தேயிலைப் பிரதேசத்தின் பெயரும் அதுவே. ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனை ஆகிய பகுதிகளின் தேயிலை உலகச் சந்தையில் இந்தப் பெயரோடுதான் போகிறது. முதலில் இங்கே கோப்பி விளைந்தது. 1869ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் மலைகள் தேயிலைக்கு மாறின. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் காடு வெட்டிய கையால் கல்லுடைத்து இந்தப் பாதைகளையும் சமைத்தார்கள்.

பாதை சமைத்தவன் அதில் நடந்தான். மற்றவர்கள் ஏறிச் சென்றார்கள். பெரியதுரை ஆதியில் குதிரையிலும் பிற்காலத்தில் காரிலும் போனார். உதவித் துரையாகிய சின்னத்துரைக்கு வாய்த்தது மோட்டார் சைக்கிள். விடியற்காலைப் பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்ததும், அவர் ஒவ்வொரு மலையாகச் சென்று கொழுந்தையும் கவாத்தையும் பார்வையிட வேண்டும். செங்குத்தான சரளைப் பாதையில் கார் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். அதன் ஓசை வளைவுக்கு அப்பால் கேட்டதுமே கங்காணி குரலை உயர்த்துவார், பேச்சு அடங்கும், குடை மடங்கும், தலைப்பாகை கைக்கு வரும், வழியில் நடந்தவன் ஓரத்துக் கானில் இறங்கி நிற்பான். மலையகத்து முதியோரைக் கேட்டால் இதை இன்றும் கூறுவர்.

அவ்விதம் தோட்டங்களில் ஓடிய வண்டிகளுள் ஒன்று பி.எஸ்.ஏ. பேண்டம். பேண்டம் என்பது உருவில் சிறிய, ஆனால் சண்டைக்கு அஞ்சாத ஒரு கோழியினம். பெயர் வைத்தவர் பொருத்தமாகவே வைத்திருக்கிறார். ஆங்கில வண்டி என்று நாம் எண்ணும் இதன் பிறப்பு ஜெர்மனியில் நிகழ்ந்தது. சக்சனி மாநிலத்து ட்சோப்பாவ் நகரில் டி.கே.டபிள்யூ. கம்பெனியார் 1939இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்களை, இரண்டாம் உலகப் போரில் வென்ற நாடுகள் இழப்பீடாக எடுத்துக்கொண்டன. ஆகவே அதே யந்திரம் ரஷ்யாவில் ஒரு பெயரிலும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் பெயரிலும், இங்கிலாந்தில் 1948இல் பேண்டம் என்ற பெயரிலும் பிறந்தது. ஜப்பானில் யமஹா கம்பெனியார் 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இந்த வம்சத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. தோற்றவன் வீட்டுப் பிள்ளை வென்றவர்கள் வீட்டிலெல்லாம் வளர்ந்தது என்று சொல்லலாம்!

முதல் பேண்டத்தின் கொள்ளளவு 123 கன சென்ரிமீற்றர், கியர் மூன்று, எடை நூறு கிலோவுக்கும் குறைவு. கரடுமுரடான நிலத்தில் போட்டிக்கு ஓட்டுவோருக்காக, சைலன்சரை உயரத் தூக்கி, பின்சக்கரத்தின் பற்சில்லைப் பெரிதாக்கிய ஒரு வகையையும் கம்பெனியார் செய்தனர். பின்னர் ‘புஷ்மன்’ என்றொரு பேண்டம் வந்தது. 1971ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றது.

தலவாக்கலைக்கு அருகே ஒரு சிறு கராஜில் அப்படிப்பட்ட பேண்டம் ஒன்று புத்துயிர் பெறுவதைச் சென்ற தை மாதத்தில் கண்டேன். கராஜ் உரிமையாளரின் தந்தை முன்னாளில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்தவர். சின்னத்துரையின் வண்டியை நாள்தோறும் கழுவித் துடைப்பது அவர் கடமை. ஆனால் அதன் மேல் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஓடாமற் கிடந்த அந்த வண்டி பழைய இரும்பு விலைக்கு அவர் கைக்கு வந்தது. வந்தும் என்ன? வாழ்நாள் முழுவதும் அது லயத்தின் பின்புறத்துக் கோழிக்கூட்டுக்குச் சுவராகவே இருந்தது. இப்போது அவருடைய மகள் வயிற்றுப் பேரன், உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, அதைத் தன் முதல் வண்டியாக ஓட்ட ஆசைப்பட்டான். “மாமா, இதையே செஞ்சு குடுங்க” என்று கேட்டானாம். “நான் செய்ய மாட்டேன், நீ செய், நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றாராம் மாமன்.

அந்த மாமன் அறிவாளி என்பது என் அபிப்பிராயம். புதிதாக வண்டி பழகுகிறவனுக்கு ‘டூ ஸ்ட்ரோக்’ என்னும் இருவீச்சு யந்திரத்தைப் போன்ற ஆசான் வேறில்லை. அதில் வால்வு கிடையாது. எண்ணெய்ப் பம்பும் கிடையாது. பிஸ்டன் மேலே எழும்போது பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி கீழறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அந்த ஆவி அழுத்தப்பட்டு, பக்கத்து வழியாகச் சிலிண்டருக்குள் ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. உறுப்புகள் தேயாமல் காக்கும் எண்ணெய் பெற்றோலிலேயே கலந்திருக்கும். ஒரு மேசை விரிப்பின் மேல் முழு யந்திரத்தையும் பிரித்து வைத்துவிடலாம்.

பையன் முதல் நாளே ஸ்டார்ட்டரை உதைக்கப் போனான். மாமன் தடுத்துவிட்டார். பல ஆண்டுகள் உறங்கிய யந்திரத்தை உதைத்து எழுப்பினால், துருவேறிய பெயாரிங்கும் பிஸ்டன் வளையமும் சிலிண்டரைக் கீறிவிடும். ஆகவே பிளக் துவாரத்தின் வழியே எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார்கள். பெற்றோல் தாங்கிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார்கள். சைலன்சரிலும் புகை வெளியேறும் துவாரத்திலும் படிந்திருந்த கரியைச் சுரண்டிச் சுரண்டியே இரண்டு மாலைப்பொழுது கழிந்தது. கிளச் தகடுகளில் பதித்திருந்த தக்கைத் துண்டுகள் தொட்டதும் பொடியாகின.

எல்லாவற்றிலும் முக்கியம், கீழறையின் இரு பக்கங்களிலும் உள்ள எண்ணெய் ஸீல்களாம். பார்வைக்கு அற்பமான வளையங்கள். அவை சுருங்கினால் வெளிக்காற்று உள்ளே புகும். ஆவியில் பெற்றோலும் எண்ணெயும் குறையும். யந்திரம் சூடேறிப் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். புதுப்பித்த வண்டி பளபளவென்று மின்னியும் பத்து மைலில் நின்றுபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வண்ணப் பூச்சுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்த வளையங்களுக்குச் செலவிடாதவர்கள் பிறகு இரு பங்கு செலவிடுவார்கள்.

மலைநாட்டுக்கென்று தனி வைத்தியமும் உண்டு. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. கொழும்பில் சரியாக ஓடும் வண்டி இங்கே பெற்றோல் மிகுந்து கரும்புகை கக்கும். ஆகவே கார்புரேட்டரின் ஜெட்டைச் சற்றுச் சிறிதாக மாற்றினார்கள். மழைக்காலத்தில் மக்னீட்டோவுக்குள் ஈரம் புகாதபடி மூடியின் விளிம்பையும் அடைத்தார்கள்.

இறக்கத்தைப் பற்றி மாமன் சொன்னதை வண்டி பழகும் மாணவர்கள் அனைவரும் குறித்துக்கொள்ள வேண்டும். நானுஓயாவிலிருந்து ரதல்ல வழியாக இறங்கும் குறுக்குப் பாதை செங்குத்தானது, விபத்துகளுக்குப் பேர்போனது. அத்தகைய இறக்கத்தில் மற்ற வண்டிகளைப் போல யந்திரத்தையே பிரேக்காக நம்ப முடியாது. இருவீச்சு யந்திரத்துக்கு இழுத்துப் பிடிக்கும் வலு குறைவு. அதோடு, பிடியை முழுவதும் மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால், பெற்றோல் வராதபோது எண்ணெயும் வராது. சக்கரம் சுற்றச் சுற்ற யந்திரம் வறண்டு ஓடும். எனவே இடையிடையே கிளச்சைப் பிடித்து, பிடியைச் சிறிது திறந்து மூட வேண்டும். பேண்டத்தின் பிரேக்குகளோ மிகச் சிறியவை. மேலும் பழைய ஆங்கில வண்டிகளில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டியில் பழகியவனுடைய கால் அவசரத்தில் தவறான மிதியைத் தேடும். முதல் வண்டியே இதுவாக இருப்பதில் பையனுக்கு ஒரு வசதி: மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவனிடம் இல்லை.

வேலை பாதியில் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். பழைய வண்டிகளைச் சேகரித்து வைப்பவர் அவர். பேண்டத்தின் பழைய இளம்பச்சை வண்ணத்தை அச்சாகப் பூசித் தந்தால், பையனின் மேற்படிப்புக்கு ஓராண்டு செலவை ஈடுகட்டக்கூடிய தொகை தருவதாகச் சொன்னார். வீட்டில் இரண்டு நாள் வாதம் நடந்தது. பையனின் தாய் விற்கலாம் என்றார். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்க்குப் பணத்தின் அருமை தெரியாதா? அவர் சொன்னதில் பிழையென்று நான் கருதவில்லை. வேண்டாம் என்று முடித்தவர் பாட்டி. அந்த வண்டியைத் தம் கணவர் துடைத்த ஆண்டுகளை அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினாராம். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அன்று காலை லயத்துக்கு முன்னாலிருந்த வெளியில் பையன் ஐந்தாவது உதையில் யந்திரத்தை எழுப்பினான். நீலப்புகை சூழ்ந்தது. பாட்டி காம்பராவின் வாசலுக்கு வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பாதையை விட்டுச் சற்று ஒதுங்கி நின்றார். பழைய ஓசைக்குப் பழைய பழக்கம். பேரன் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கி, “அம்மாயி, நான்தான்!” என்று கூவினான். அவர் சிரித்தார்; ஆனாலும் வண்டி கடந்து போகும் வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

முதற் கியரில் மூன்று சுற்று. இரண்டாவது கியரில் ஒரு சுற்று. நான்காம் சுற்றில் வண்டி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் சற்று அதிகம் என்றார் மாமன். பின்விளக்கும் இன்னும் எரியவில்லை. அதற்கான வயரைத் தேடி இருவரும் மத்தியான பஸ்ஸில் ஹற்றனுக்குப் புறப்பட்டார்கள்.