கொட்டாங்கச்சியில் செம்மண்

என் தொழில் என்ன என்று கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். என் பெயரையும் கேட்டறிந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடும். நாய்களைக் குளிப்பாட்டி, உரோமம் சீவி, நகம் நறுக்கி, காது துடைத்துவிடுவதே என் பிழைப்பு. போடிநாயக்கனூரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்து வருகிறேன். சில ஆண்டுகளாக மலைத் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். இதைப் படிக்கும் தாய்மார்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கிற்று.

போடி என்றால் ஏலக்காய். மேற்கே மலையில் விளைவது இங்கே இறங்கி, தரம் பிரிக்கப்பெற்று, ஏலம் போய், ஊர் ஊராகப் பயணப்படுகிறது. என் அத்தா ஓர் ஏலக்காய்க் கடையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதினார். உம்மா கீழக்கரைப் பெண். எங்கள் பக்கத்தில் தாயை அம்மா என்பதே வழக்கம். ஆனால் உம்மா தம் ஊர்ச் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. அத்தா வழியில் நாங்கள் ஹனபி மத்ஹபு. உம்மா பிறந்த வழி ஷாபிஈ. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

1998-இல் துபாய்க்குப் போனேன். சூப்பர் மார்க்கெட்டில் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடமோ வளர்ப்புப் பிராணிகளைச் சுத்தம் செய்து அழகுபடுத்தும் கடை. உதிரும் உரோமத்தைக் கூட்டி அள்ளுவது என் வேலை. முதல் மாதம் முழுவதும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கூட்டினேன். அங்கே தலைமைப் பணியில் இருந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி. கத்தரியைத் தொடுமுன் இரண்டு கைகளையும் நாயின் கழுத்திலிருந்து வால்வரை மெல்ல ஓடவிடுவார். அப்போது கண்களை மூடிக்கொள்வார். "இங்கே ஏதோ இருக்கிறது" என்பார். விலக்கிப் பார்த்தால் இருக்கும்: காதின் மடிப்பில் ஓர் உண்ணி, அக்குளில் ஒரு கட்டி, சிக்குப் பிடித்த உரோமத்துக்கடியில் ஆறாத புண். வாயில்லா ஜீவன் சொல்லாததை அவருடைய விரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு என் கையில் ஒரு சீப்பைக் கொடுத்தார்.

ஊருக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் "கடையில் வேலை" என்றே பதினோரு ஆண்டுகள் எழுதினேன். அது பொய்யில்லை, உண்மை என்றும் சொல்ல முடியாது.

2009-இல் திரும்பி வந்து, ஊரின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, தண்ணீர்த் தொட்டி கட்டி, பலகை மாட்டினேன். அத்தாவிடம் சொல்ல நான் நல்ல வேளை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஏலக்காய்க் கடையில் எவரோ அவரிடம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "நாளை ஜும்ஆவில் என் பக்கத்தில் நிற்பவன் ஓரடி தள்ளி நின்றால் நான் என்ன செய்வேன்?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நான் நீட்டும் தண்ணீரை வாங்குவதை நிறுத்திவிட்டார். சண்டை ஏதும் இல்லை. செம்பு தரையில் அப்படியே இருக்கும். உம்மா வந்து எடுத்துக் கொடுப்பார்.

மனம் பொறுக்காமல் ஓர் ஆலிமிடம் சென்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஹனபி மத்ஹபில் நாயின் எச்சில் அசுத்தம். ஆனால் உலர்ந்த உடல் பட்டதனால் மட்டும் ஆடை அசுத்தமாகிவிடாது. ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே அசுத்தம். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்து. மாலிகி மத்ஹபிலோ நாய் சுத்தமான பிராணியே. வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றார். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகளைப் பற்றித் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் பேசுவதையும், குகைவாசிகளின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை அல்-கஹ்ஃபு அத்தியாயம் மறவாமல் குறிப்பிடுவதையும் எடுத்துக் காட்டினார். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் எல்லாரும் சிறுவயதில் கேட்டவர்களே. "செய், தொழுகைக்கு முன் சுத்தத்தில் கவனமாய் இரு" என்று அனுப்பினார்.

இவற்றையெல்லாம் அத்தாவிடம் ஒப்பித்தேன். பகுதாதில் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர், ஆடை உடுத்திய பலரைக் காட்டிலும் நாய்கள் மேலானவை என்னும் பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதியதைக்கூடச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அவர் அஞ்சியது ஊர் வாய்க்கு. அதைக் கழுவ எந்த மத்ஹபிலும் எண்ணிக்கை சொல்லப்படவில்லை.

உம்மாவோ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கொல்லைப்புறக் கல்லின்மேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் சலித்த செம்மண். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், மாற்று லுங்கி. "கையை நீட்டு" என்றார்; அவரே ஊற்றினார், எண்ணிக்கொண்டே. ஏழாவதில் நிறுத்தி, "போ, சோறு ஆறுகிறது" என்றார். சட்டம் கடுமையாக இருந்த பக்கத்திலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. அவர் மறையும்வரை ஒருநாளும் அந்த மண் தீர்ந்ததில்லை.

தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அழகுபடுத்துதல் என்ற சொல் எங்கள் மலைக்குப் பொருந்தாது. ஊருக்குள் இருப்பவர்கள் கொண்டுவரும் பொமரேனியன், லாப்ரடார் வேறு. தோட்டத்துக் காவல் நாய் வேறு. பக்கத்தில் உள்ள கோம்பையின் பெயரைத் தாங்கிய செவலை நாயையும் அதன் கலப்புகளையும் அங்கே காணலாம். கறுத்த முகவாய், குட்டை உரோமம், அந்நியனை நம்பாத கண். (2005-இல் நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையம் இடம்பெற்றது, கோம்பை இடம்பெறவில்லை. எங்களூர்க்காரர்களுக்கு இன்றும் அதில் சிறு மனத்தாங்கல்.) போடியிலிருந்து பதினேழு கொண்டைஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைத் தாண்டினால் வெயில் போய் மூடுபனி வந்துவிடும். மழைக்காலம் முழுவதும் நாய் நனைந்தபடியே கிடக்கும். விரலிடுக்கில் அட்டை, காதில் உண்ணி, தோலில் படை. நீண்ட உரோமம் உள்ள நாயாக இருந்தால் உள்மயிர் சிக்காகி, நீர் உலராமல், தோல் அழுகத் தொடங்கும். அதைக் கண்டு மொட்டையடித்துவிடச் சொல்வார்கள். மாட்டேன். வெயிலுக்கும் குளிருக்கும் அதுவே அதன் போர்வை. சீவிச் சிக்கெடுத்து உலர்த்த இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

மனிதர் குளிக்கும் சோப்பும் வேண்டாம் என்பேன். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, விரைவில் வறண்டுபோகும். நகம் வெட்டும்போது உள்ளே ஓடும் இரத்தக்குழாயைக் கவனிக்க வேண்டும். கறுப்பு நகத்தில் அது தெரியாது. சிறிது சிறிதாக நறுக்கி, வெட்டுமுகத்தின் நடுவே கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும்.

கற்பிக்கத் தொடங்கியது ஒரு சாவினால். மலையிலிருந்து ஜீப்பில் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். உண்ணி மிகுதி என்று, ஏலச்செடிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து அதன் உடலெங்கும் பூசியிருந்தார்கள். நாய் அதை நக்கியும் இருக்கிறது. வாயில் நுரை, உடல் முழுதும் நடுக்கம், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. கழுவிக்கொண்டே கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வருமுன் முடிந்துவிட்டது. கொண்டுவந்தவர் கெட்டவர் அல்லர். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மண்ணெண்ணெய் ஊற்றுவோரும், பீடி நெருப்பால் சுடுவோரும் உண்டு. எல்லாரும் நாய்க்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் வருகிறார்கள். முதல் மாதம் கத்தரி கொடுப்பதில்லை. கையை ஓடவிடச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. நாய் உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், உடல் விறைத்தால் கையை எடுத்துவிட வேண்டும். உறுமும்வரை காத்திருப்பவனுக்கு இந்தத் தொழில் வராது. கடித்துவிட்டால் சுண்ணாம்பும் மிளகாயும் பூசாமல், பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லச் சொல்ல அவர்களுக்கே சலித்துவிட்டது.

அத்தாவைப் பற்றி முடிக்கவில்லையே. உம்மா மறைந்து நாற்பது நாள் கழித்துக் கொட்டகையைத் திறந்தேன். மாலையில் வீடு வந்தபோது, மண் இருக்காது என்ற எண்ணத்துடன்தான் கொல்லைக்குப் போனேன். கொட்டாங்கச்சி நிறைந்திருந்தது. சரியாகச் சலிக்காத மண். சிறு கற்கள் கிடந்தன. அத்தா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

சென்ற ஆண்டு என்னிடம் சேர்ந்த பையன் ஒருவன் மூன்றாம் வாரம் வரவில்லை. அவன் தாயார் தோட்டத்தில் காய் எடுப்பவர், உத்தமபாளையத்துப் பிறப்பு. அக்காள் கல்யாணப் பேச்சு நடக்கிறது, நாய் வேலை தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொல்வார்கள் என்று அவரே வந்து சொன்னார். நான் வாதாடவில்லை. அத்தாவின் செம்பையும் உம்மாவின் கொட்டாங்கச்சியையும் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நாங்களும் ஹனபிதான், பாய். இருந்தாலும் மனசு கேட்காது. எங்கள் பக்கம் செம்மண் இல்லையே, தோட்டத்து மண் கறுப்பு. அது ஆகுமா?"

"சுத்தமான மண் எதுவானாலும் ஆகும், அம்மா. மருந்தடித்த இடத்து மண்ணை மட்டும் எடுக்காதீர்கள்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பையன் வந்தான்.