என் பட்டப்பெயர் பம்புசெட்டு



நம் பள்ளியில் என் சொந்தப் பெயரைவிட என் பட்டப்பெயர்தான் நிறைய பேருக்குத் தெரியும். "பம்புசெட்டு வருது, வழி விடுங்கடி" என்று ஆறாம் வகுப்பில் யாரோ சொன்னது. இன்றுவரை போகவில்லை. காரணம் என் அப்பாவின் வண்டி. டீசலில் ஓடும் புல்லட். அது கவரைப்பேட்டை பக்கம் திரும்பும்போதே "டக் டக் டக்" என்று சத்தம் இங்கே கேட்கும். பின்னால் கறுப்புப் புகை வரும். அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. மோட்டார் சைக்கிள் என்றாலே பெட்ரோல்தானே, டீசலில் எப்படி ஓடும்? நானும் அப்பாவிடம் கேட்டேன். அப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வேகமாக இருபது முறை அடித்தார். "அடியில தொட்டுப் பாரு பாப்பா" என்றார். சுட்டது! காற்றை அமுக்கினால் சூடாகும். பெட்ரோல் இன்ஜினில் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து 8 முதல் 10 மடங்கு வரை அமுக்கி, ஸ்பார்க் பிளக்கில் பொறி கொடுத்து எரிக்கிறார்கள். டீசல் இன்ஜினில் காற்றை மட்டும் 15 முதல் 20 மடங்குக்கு மேல்கூட அமுக்குகிறார்கள். அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைப் பூவாளி போலத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். பிளக்கே வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். அவருடைய இன்ஜின் 1897-ல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரைத்தான் நாம் எண்ணெய்க்கு வைத்துச் சொல்கிறோம்.

டீசல் புல்லட் என்பது அப்பா கண்டுபிடித்தது இல்லை. திருவொற்றியூரில் ஆலை உள்ள என்பீல்டு கம்பெனியே 1993-ல் 'டாரஸ்' என்று ஒரு டீசல் புல்லட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (2018-க்கு முன்பு திருவொற்றியூரும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.) அதில் 325 சிசி இன்ஜின். சக்தி வெறும் 6.5 குதிரைத் திறன்தான். வேகம் 65 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று பெயர். அந்தக் காலத்தில் டீசல், பெட்ரோல் விலையில் பாதிகூட இருக்காதாம். அதனால் பால்காரர், வியாபாரி எல்லாம் ஆசைப்பட்டார்கள். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் கடுமையானதும் அந்த வண்டி நின்றுபோனது.

2004-ல் அப்பாவுக்கு வயது 21. லேத் பட்டறையில் வேலை. டாரஸ் வாங்கக் காசில்லை. காயலான் கடையில் இன்ஜின் போன ஒரு புல்லட்டையும், ஜெனரேட்டரில் இருந்து கழற்றிய ஒரு சின்ன டீசல் இன்ஜினையும் வாங்கினார். வேலை முடிந்தபிறகு ராத்திரி ராத்திரியாக நான்கு மாதம் உழைத்தார். புது இன்ஜின் உட்கார ஃபிரேமில் கனமான தகடு வெல்டு வைத்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் செயின் அறுந்துவிடும். அதற்காக நூல் பிடித்துப் பார்த்தாராம். டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை அதிகம். அதனால் கியர்பாக்ஸ் பக்கம் பல் அதிகமுள்ள ஸ்ப்ராக்கெட் போட்டார். அப்போதுதான் இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் கூடுதலாகச் சுற்றும். பத்தாம் வகுப்புகூட முடிக்காதவர் இந்தக் கணக்கை எல்லாம் சிகரெட் அட்டையில் போட்டு வைத்திருந்தார் என்று அம்மா சொல்வார்.

அந்த வண்டியில்தான் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போனார். நான் பிறந்தபோது அம்மாவைப் பார்க்கப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அதில்தான்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் காலாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. நேரமாகிவிட்டதால் அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்தார். பள்ளி கேட்டுக்கு எதிரில் வண்டி நின்றுவிட்டது. டேங்கில் டீசல் தீர்ந்து குழாயில் ஏர் பிடித்துவிட்டது. டீசல் இன்ஜினுக்கு இது ஒரு நோய். மறுபடி டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. நட்டைத் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றவைத்து, குமிழி எல்லாம் வெளியேறும்வரை விட்டு, பிறகு முடுக்க வேண்டும். அப்பா தரையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார். கை, சட்டை எல்லாம் டீசல். கேட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு அக்கா, "யாருடி அது, உங்க அப்பாவா?" என்று கேட்டார்.

நான், "தெரிஞ்சவங்க" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். அப்பாவுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "கணக்கு எப்டி எழுதின?" என்று மட்டும் கேட்டார். ஆனால் மறுநாளிலிருந்து என்னை ரயில்வே கேட் அருகிலேயே இறக்கிவிட்டு, "இங்கேர்ந்து நடந்துடுவல்ல பாப்பா?" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு வருஷம் அப்படியே போனது.

இந்த ஜூன் மாதம் அப்பா தானாகவே அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி செய்த அமைப்பை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போகலாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. டீசல் விலைக் கட்டுப்பாடும் 2014 அக்டோபரில் நீங்கியது. இப்போது முன்போல லாபமும் இல்லை. "அப்ப தெரியல, செஞ்சேன். இப்ப தெரியுது, கழட்டிட்டேன். இதுல இன்னா இருக்கு?" என்றார் அப்பா. ஆகவே நண்பர்களே, யாரும் இப்படிச் செய்து பார்க்காதீர்கள். அதற்காக நான் இதை எழுதவில்லை.

கழற்றிய அன்று நான்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நட்டும் எதற்கு என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இருபது வருஷம் ஆகியும் அவர் வெல்டு வைத்த தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "அன்னிக்கு கேட்டாண்ட நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சாப்பா?" என்றேன். அப்பா நட்டைத் துடைத்துக்கொண்டே, "பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு பாப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த இன்ஜின் இப்போது ஆரணி ஆற்றுப் பக்கம் எங்கள் மாமாவின் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது. நிஜமாகவே பம்புசெட்டாகிவிட்டது!

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வருவார். வந்தால் இந்தத் தாள் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பார். அப்போது பக்கத்தில் யார் நின்று, "இவர் யாரு?" என்று கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. இவர் என் அப்பா.

பட்டப்பெயரை மாற்ற வேண்டாம். அப்படியே கூப்பிடுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி