பிக்கப் மாற்றுவதற்கு முன்

குறைந்த விலை பேஸ் கிட்டாருக்கு உயர்ந்த விலைப் பிக்கப் வாங்கிப் பொருத்தலாமா என்று முதலாமாண்டு ஆய்வாளர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவர் பார்த்து வைத்திருக்கும் பிக்கப் இணையின் விலை, அவர் பேஸை வாங்கிய விலையைவிட அதிகம். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதில் பாதி அவர் வீட்டுக்குப் போகிறது. ஆகவே இது ரசனை பற்றிய கேள்வி மட்டுமன்று. என் பேஸின் மின்பாகங்களை இதே கொல்கத்தாவில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவன் என்ற முறையில், அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். கம்பி தலைமுடி அளவே தடிமன் கொண்டது; ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. மைக்கைப் போல அது காற்றைக் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே தந்தி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே கேட்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கன்னர் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலில் நிலைபெறச் செய்த கோட்பாட்டின்படி, குரல்வளை ஒலியின் மூலம், வாயறை வடிகட்டி. ஒரே சுருதியில் 'இ' என்றும் 'உ' என்றும் சொல்லிப் பாருங்கள். குரல்வளை செய்யும் வேலை மாறுவதில்லை. வாயின் வடிவம் மாறுகிறது, உயிரெழுத்து மாறிவிடுகிறது. பேஸில் விரலும் தந்தியும் குரல்வளை. பிக்கப், வால்யூம் கண்ட்ரோல், மின்தேக்கி, கேபிள் ஆகியவை வாய். துருப்பிடித்த தந்தியையும் வளைந்த கழுத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பிக்கப்பை மட்டும் மாற்றுவது, தொண்டை கட்டியவருக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பதற்கு ஒப்பாகும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் தந்தி விரைவில் மங்கும், மரமும் நிலைகொள்ளாது. எனவே முதல் செலவு புதிய தந்திக்கும், கழுத்தை நேராக்கும் செப்பனிடலுக்கும்தான்.

அடுத்து இடம். இதைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்குச் சர் சி. வி. இராமன் நினைவுக்கு வருகிறார். இசைக்கருவிக் கடைகள் வரிசையாக நிற்கும் லால்பஜாரிலிருந்து கிழக்கே நடந்தால் பௌபஜார் தெரு. அங்கே 210ஆம் எண் கட்டடத்தில்தான் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அந்நாளில் இயங்கியது. இன்று அது யாதவ்பூரில் இருக்கிறது. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த இராமன், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு செய்தார். ஒளிச்சிதறலால் உலகறிந்தவர் ஆவதற்கு முன்பே வயலின், மிருதங்கம், தபலா, தம்புரா, வீணை ஆகியவற்றின் ஒலியியலை ஆராய்ந்தவர் அவர்.

தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் கணு கொண்ட மேற்சுரங்கள் ஒலியில் இரா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்று இராமன் 1921இல் எழுதினார். அவற்றின் அகன்று வளைந்த குதிரைமீது தந்தி ஒட்டி ஒட்டி விலகுவதால், இல்லாமற்போக வேண்டிய மேற்சுரங்களும் ஒலிக்கின்றன. பேஸ் கிட்டாரின் குதிரையில் தந்தி கூர்மையான ஒரு விளிம்பில் அமர்கிறது. ஆகவே அது பெரும்பாலும் விதிக்கு அடங்கிய கருவி. அதே விதி கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். ஒரு மேற்சுரத்தின் கணுவுக்கு நேர்கீழே பிக்கப் இருந்தால், அந்த மேற்சுரம் அதற்குக் கேட்பதில்லை. 1960இல் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸில், பாலத்தருகே உள்ள பிக்கப் 1970களில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அந்தச் சிறு நகர்வு தந்த ஒலி வேறுபாட்டை வாசிப்பவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நாம் வாங்கும் புதிய பிக்கப்போ பழைய குழியில்தான் அமரப்போகிறது. கேட்கும் இடம் மாறாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் எதிர்பார்ப்பு அளவோடு நிற்கும்.

செலவில்லாத முதல் மேம்பாடு, பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகுகளைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்வது. தந்தியை நெருங்கினால் ஒலி வலுக்கும்; மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியை அலைக்கழிக்கும். தடித்த தந்தி இருக்கும் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, நான்கு தந்திகளும் சம வலுவில் கேட்கும் வரை பொறுமையாகத் திருகினாலே பாதிக் குறைகள் மறையும்.

அடுத்தது இரைச்சல். இதில் இரண்டு வகை. ஒன்று, மின்மாற்றி போன்றவற்றின் காந்தப்புலம் சுருளில் தூண்டும் உறுமல். மற்றொன்று, குழல்விளக்கு, விசிறி ரெகுலேட்டர் முதலியவற்றிலிருந்து மின்புலமாக வந்து சேரும் கரகரப்பு. இரண்டு பிக்கப் உள்ள பேஸில் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து பாருங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால், அவை எதிரெதிராகச் சுற்றப்பட்டு எதிரெதிர் காந்தமுனை கொண்டவை. இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி கூடுகிறது. பிறகு தந்தியைக் கையால் தொட்டுப் பாருங்கள். கரகரப்பு குறைந்தால் பாலத்துக்குச் செல்லும் எர்த் கம்பி நலமாக இருக்கிறது. உட்குழிக்குத்தான் கவசம் இல்லை.

என் பேஸ் இரண்டு சோதனைகளிலும் தேறியது. அதாவது பிக்கப்பில் குற்றமில்லை. உட்குழி முழுவதும் செப்பு ஒட்டுநாடாவால் வேய்ந்து, அதை எர்த்துடன் இணைத்தேன். எல்லா ஒட்டுநாடாவின் பசையும் மின்சாரத்தைக் கடத்தாது. துண்டுக்குத் துண்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். உயிரொலிகளை அளக்க நான் நாள்தோறும் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் முன்னும் பின்னும் பதிவுசெய்து ஒப்பிட்டேன். நம் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் கோடு அப்படியே நின்றது. அதற்கு மேல் வரிசையாக நின்ற கோடுகள் வெகுவாகத் தாழ்ந்திருந்தன. செப்புக் கவசம் மின்புலத்தைத் தடுக்கும், இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தைத் தடுக்காது என்ற பாடநூல் வரி கண்முன் படமாக விரிந்தது.

பிறகு கண்ட்ரோல்கள். என் பேஸில் இருந்தவை நேர்கோட்டு வகை. டோன் குமிழ் கடைசிச் சிறு திருப்பத்தில் மட்டுமே வேலை செய்தது. நம் செவி ஒலியை விகிதத்தால் அளப்பதால் மடக்கை வகையே இயல்பாகத் தோன்றும். 250 கிலோ ஓம் மடக்கைக் கண்ட்ரோல்கள், ஒரு புதிய ஜாக், 473 என்று பொறித்த ஒரு மின்தேக்கி ஆகியவற்றைச் சாந்தினி சௌக்கில் வாங்கினேன். 47க்குப் பின் மூன்று சுழி பைக்கோஃபாரட், அதாவது 0.047 மைக்ரோஃபாரட்; பேஸின் டோனுக்கு வழக்கமான அளவு. செப்பு நாடாவும் சேர்த்து மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

சால்டரிங் வேலையை லால்பஜாரில் ஒரு முதியவரிடம் பார்த்துக் கற்றேன். இங்கே அவரை மிஸ்திரி என்பார்கள். நம் ஊரில் கட்டட வேலையை நடத்தும் மேஸ்திரியும் அதே போர்த்துக்கீசியச் சொல்லின் வழித்தோன்றல்தான். அவரை நான் தாதா என்று அழைப்பதைக் கேட்டு, ஊரிலிருந்து வந்த நண்பர் திடுக்கிட்டார். வங்கத்தில் அது அண்ணன். கிவ்சன், ஹோப்னர் என்று வெளிநாட்டுப் பெயர்களை எதிரொலிக்கும் கிட்டார்கள் உருவான நகரம் இது. மலிவான கருவியைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் அந்தப் பட்டறைகளில் இல்லை. வேறொருவர் கழற்றிப் போட்ட நல்ல பிக்கப் இணை ஒன்றை அவரே குறைந்த விலைக்குத் தந்தார். ஆக, பிக்கப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

வேறுபாடு இருக்கிறது. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சற்றுத் தெளிகிறது. விரல் தந்தியைத் தொடும் ஓசை கேட்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரைகோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. தனியாக வாசிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி; குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் எதையும் கவனிக்கவில்லை.

'ஆழம் போதவில்லை' என்பதற்காகப் பிக்கப் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மிகத் தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஒலிபெருக்கி எதுவும் அதை உருப்படியாக எழுப்பாது. ஆனாலும் இளையராஜா பாடல்களின் பேஸ் நடையை ஒரு தலைமுறை டிரான்சிஸ்டர் ரேடியோவிலேயே பின்தொடர்ந்தது. மேற்சுரங்களிலிருந்து அடிச்சுரத்தைச் செவியே கட்டி எழுப்பிக்கொள்கிறது. பழந்தமிழ் இசைமரபு மெலிவு என்று பெயரிட்ட தாழ்ந்த தானம் கணிசமாகக் கேட்பவரின் மூளையில் இருக்கிறது. ஆழம் குறைந்தால் முதலில் ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள்.

எனவே என் விடை இது: தந்தி, செப்பனிடல், உயரம், கவசம், கண்ட்ரோல் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மாதம் வாசியுங்கள். அதன் பிறகும் பிக்கப் வேண்டும் என்று தோன்றினால், பயன்படுத்தியது ஒன்றைத் தேடுங்கள். பழையதை எறியாமல் பெட்டியில் வையுங்கள். விற்கும்போது இந்தச் செலவு திரும்பி வராது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கைவைக்க வேண்டிய தேவையும் வராது.

இந்த வரிசைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வடகொல்கத்தாவின் பழைய வீடுகள் பலவற்றில் சாக்கெட்டில் எர்த் இருப்பதில்லை. பேஸின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டோடு இணைந்திருப்பவை. உள்ளே மின்கசிவு ஏற்பட்டு எர்த்தும் இல்லையென்றால், தந்தியையும் மைக்கையும் ஒருசேரத் தொடுபவரின் உடல்தான் எர்த். ஒரு மின்பணியாளரை அழைத்து அந்த மூன்றாவது துளையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைகிறதா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.