பிக்கட்டியில் ஒரு பெருக்கல்

உதகமண்டலம் என்றால் ஏரியில் படகு, மலர்ப் பூங்கா, ஊருக்குக் கொண்டுவர இரண்டு பாக்கெட் வர்க்கி. இவ்வளவுதானே நம் திட்டம்? அடுத்த தடவை ஒரு நாளை மிச்சம் பிடித்து, மஞ்சூர் போகும் பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் உங்கள் பாக்கியம். குந்தா மலைச் சரிவெல்லாம் பச்சைக் கம்பளமாய்த் தேயிலை. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். மஞ்சூருக்குப் பக்கத்தில்தான் பிக்கட்டி. ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்!

இந்தப் பக்கத்துப் படகர்கள் தங்கள் ஊரை 'ஹட்டி' என்பார்கள். பலருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை நிலம் உண்டு. இலையைக் கிள்ளி எடை போட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே இங்கே குடித்தனம் நடத்துவதே ஒரு கணக்குத்தான்.

இலை நிறுக்கும் இடத்தில் சற்று நில்லுங்கள். அம்மாவின் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை 23 கிலோ; கிலோ 18 ரூபாய். "இருபது கிலோவுக்கு 360, மூணு கிலோவுக்கு 54, மொத்தம் 414" என்று சிறுமி மனசுக்குள்ளேயே போட்டுவிடுவாள்.

அதே சிறுமி மறுநாள் பள்ளியில் 23-ஐ எழுதி, அடியில் 18-ஐ எழுதுகிறாள். எட்டால் பெருக்கினால் 184. ஒன்றால் பெருக்கினால் 23. அதை ஓர் இடம் தள்ளி எழுத வேண்டும் அல்லவா? தள்ளாமல் நேர் கீழே எழுதிக் கூட்டிவிடுகிறாள். விடை 207! சரியாகப் பாதிப் பணம் போயிற்று. தராசுக்காரர் 207 ரூபாயை நீட்டினால் விடுவாளா? நோட்டுப் புத்தகத்தில் மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறாள். அந்த 'ஒன்று' வெறும் ஒன்றல்ல, பத்து என்பதை யாரும் அவள் கையில் வைத்துக் காட்டவில்லை.

இது மலைநாட்டுச் சங்கதி மட்டுமல்ல. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைச் சோதித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். கடையில் மின்னல் வேகத்தில் கணக்குச் சொன்ன பலர், அதையே பள்ளிக்கூடப் பாணியில் கேட்டதும் திணறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் விழித்தார்கள்! இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

பாலம் கட்டும் முயற்சி நம்மிடமும் நடக்காமல் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளோடு செயல்வழிக் கற்றல் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் எட்டிய இடத்திலிருந்து சொல்லித் தருவது அதன் முறை. தேயிலை நாட்டுக்கு என்ன பொருத்தமான பெயர்கள், பாருங்கள்! ஆனால் பெயர் சூட்டினால் போதாது. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டை அவிழ்த்து, மறுபடி கட்டிப் பார்க்கக் குழந்தைக்கு அவகாசம் வேண்டும். வீட்டில் 'ஒந்து, எரடு, மூரு' என்று படக மொழியில் எண்ணிப் பழகிய பிள்ளைக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். என்னைக் கேட்டால், இலை எடைச் சீட்டையே வகுப்புக்குக் கொண்டுபோய்விடலாம். முதலில் வாயால் சொல்லட்டும். பிறகு அந்த 20-ஐயும் 3-ஐயும் பிரித்து எழுதட்டும். தள்ளி எழுதுகிற சூட்சுமம் கடைசியில் வந்தால் போதும்.

திரும்பும்போது எப்படியும் கால் கிலோ தேயிலைத் தூளாவது வாங்குவீர்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் குழந்தையிடம் பொட்டலத்தைக் கொடுத்து, இதற்கு எத்தனை இலை கிள்ளியிருப்பார்கள் என்று கேளுங்கள். பென்சில் மட்டும் கொடுக்காதீர்கள்.