அந்த நீல விளக்கு எதுக்குங்க?

விண்வெளிப் படம் ஓடினால் என் கண் கதாநாயகன் மேல் நிற்காது. அவன் முன்னால் மினுக்கும் பலகை மேல்தான். நீல விளக்கு, மாடித் தொட்டி நிரம்பிவிட்டது என்பதற்கு. பெரிய நெம்புகோல், பெங்களூரு சில்க் போர்டு சிக்னலைத் தாண்டிக் குதிக்க. பெயரில்லாத மற்ற பொத்தான்கள்? வில்லன் வந்ததும் பரபரவென்று தட்டத்தான்! 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் ஆட்கள் நேர்மையானவர்கள். கப்பல் குழாய்களில் 'ஜிஎன்டிஎன்' என்று ஆங்கிலச் சுருக்கமாக எழுதிவைத்தார்கள்: எங்கும் போகாது, எதுவும் செய்யாது.

நிஜக் கட்டுப்பாட்டு அறை நம்ம பெங்களூரு பீனியா பக்கம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை, வரிசையாகக் கணினிகள், கண்கொட்டாத இஸ்ரோ பொறியாளர்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய கடைசி நிமிடங்களில் யாரும் எதையும் இழுக்கவில்லை. அதன் விக்ரம் லேண்டர் தானாகவே இறங்கியது. சினிமாக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா? அப்புறம் நாயகனுக்கு என்னதான் வேலை!