பிட் விலைக்கு வாங்குவது

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் ஆக்ஷன் ஹவுஸுக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தப் பொருளை வாங்கி விற்றால் கோல்டு பார்க்கலாம் என்பதைத்தான். என்னைக் கேட்டால் பொருள் எதுவாகவும் இருக்கலாம். அதை என்ன விலைக்குக் கையில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், லாபமா நஷ்டமா என்று நான் சொல்கிறேன்.

நான் பேசுவது கிளாசிக் பற்றி. 2019 ஆகஸ்டில் பழைய வடிவத்திலேயே திரும்ப வந்ததே, அது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை. ஒன்று பைஅவுட், கொடுத்தால் உடனே கிடைக்கும். இன்னொன்று பிட், அதாவது ஏலம் கேட்கும் விலை. அவசரக்காரர்கள் பைஅவுட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. விற்பவர்களும் அப்படித்தான். பொருளை இழுத்துப் போட்டதும் தொடக்க விலையை விளையாட்டே நிரப்பிவிடும். அது வெண்டர் (விளையாட்டின் கடைக்காரன்) கொடுக்கும் விலையை வைத்து வருவது. சந்தை நிலவரம் அதற்குத் தெரியாது. விற்பவர் பைஅவுட்டை மட்டும் யோசித்துப் போட்டுவிட்டு, தொடக்க விலையைத் தொடாமல் போய்விடுவார். 8 கோல்டு பைஅவுட் போட்ட கவசம் ஒன்றரை கோல்டு பிட்டில் கிடக்கும். நம் பிழைப்பு அந்த இடைவெளியில்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் கில்டின் பேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். ரெய்டில் சுமாராகத்தான் ஆடுவார். ஆனால் ஏலக்காரன் முன்னால் அவருடைய பேங்க் ஆல்ட் (சரக்கு வைக்க உருவாக்கிய துணைக் கதாபாத்திரம்) நிற்கும் நிற்பே தனி. லெவல் 5-ஐத் தாண்டாத ஒரு குள்ளன் அது. ஊரை விட்டு வெளியே போனதேயில்லை. திரையைப் பகிர்ந்து காட்டுவார், பேச்சு குறைவு. பட்டியலை மிச்ச நேரத்தின்படி அடுக்குவார். ‘ஷார்ட்’ என்றிருந்தால் 30 நிமிடத்துக்குள் முடியும், ‘மீடியம்’ என்றால் 2 மணி நேரத்துக்குள். மற்றதைப் பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு வரியிலும் கை ஒரு கணம் நிற்கும். கேட்பார், அல்லது நகர்வார். ஒருமுறை நான் பொறுக்காமல், “அண்ணே, இத பைஅவுட்லயே தூக்கிடலாமே, அப்பவும் லாபம்தானே?” என்றேன். “லாபம்தான். யாரு வேணா எடுக்கக்கூடிய லாபம். வரிசையில நூறு பேரு நிக்கிறான்” என்றார்.

சாதாரணக் கணக்குதான், ஆனால் தப்பக் கூடாது. விற்ற விலையில் 5 சதவீதம் ஏலக்கூடத்துக்குப் போய்விடும். அப்படியானால் 95 சில்வருக்கு வாங்கி 1 கோல்டுக்கு விற்றவன் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. கேட்ஜெட்ஜானிலும் பூட்டி பேயிலும் உள்ள பொதுக் கூடங்களில் வெட்டு 15 சதவீதம். அங்கே இன்னும் கவனம் வேண்டும். டெபாசிட் தனி. பொருள் விற்றால் திரும்பும், விற்காவிட்டால் போச்சு. அது வெண்டர் விலையைப் பொறுத்தது என்பதால், கனமான ஆயுதங்களைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுப்பவர்களின் கோல்டு டெபாசிட்டிலேயே கரையும். டஸ்ட், எசென்ஸ் போன்ற என்சான்டிங் சரக்குக்கு வெண்டர் விலையே கிடையாது, டெபாசிட்டும் பெயரளவுக்குத்தான். நான் அந்தச் சரக்கிலேயே நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பச்சைச் சாமான்களை அண்ணன் வாங்கியது அணிந்துகொள்ள அல்ல, உடைக்க. அணிய லெவல் 56 முதல் 60 வரை தேவைப்படும் பச்சைக் கவசத்தை டிஸ்என்சான்ட் செய்தால் நான்கில் மூன்று முறை இல்யூஷன் டஸ்ட் விழும், 2 முதல் 5 வரை. ஆயுதம் என்றால் தலைகீழ், பெரும்பாலும் எசென்ஸ். டஸ்ட் ஒன்று 1 கோல்டுக்குப் போகிறது என்று வையுங்கள். சராசரியைப் பிடித்துக்கொண்டு 3 கோல்டு வரை கேட்கத் தோன்றும். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். “ரெண்டுதான் விழும்னு நெனச்சு கேளு. மேல விழுறது உன் கூலி.” இரண்டு டஸ்ட், வெட்டு போக 1 கோல்டு 90 சில்வர். அதற்குக் கீழே பிட் இருந்தால் கேட்கலாம், இல்லையென்றால் நகர வேண்டும். இந்த நகர்வதுதான் பையன்களுக்கு வருவதில்லை. எவனோ ஒருவன் மேலே கேட்டுவிட்டால் ரோஷம் வந்து, பைஅவுட்டையே தாண்டுகிற அளவுக்கு ஏறிப் போவார்கள். அளவோடு நாம் கேட்டதில் பாதிக்கு மேல் அடுத்தவன் கைக்குப் போகும். போகட்டுமே, கோல்டு மெயில்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதை எடுத்து அடுத்ததில் போட வேண்டியதுதான்.

நேரம் விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஐரோப்பிய சர்வரில் விளையாடும் ஆள் இரவு 11 மணிக்குச் சாமானை 8 மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுப் படுத்தால், அது முடிவது அங்கே காலை 7 மணி. கோடையில் இந்திய நேரப்படி நமக்கு அது காலை பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. போட்டி போட வேண்டியவர்கள் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவன் டீ ஆறுவதற்குள் நாலு வரியைக் கேட்டு முடித்துவிடலாம். அங்கே வாராந்தர ரீசெட் புதன்கிழமை. ஞாயிறு இரவு ட்ரீம்ஃபாயில் மூட்டை மூட்டையாக வந்து குவியும். ரெய்டு கூடும் புதன் மாலை அதே மூலிகைக்கு ஆளாய்ப் பறப்பார்கள்.

ஏமாற்றும் உண்டு. இருபது கொண்ட ஸ்டாக்குகளுக்கு நடுவே ஒற்றை மூலிகையை ஸ்டாக் விலைக்குச் சொருகி வைப்பான் ஒருவன். வேகமாகச் சொடுக்கிக்கொண்டே போகிறவன் மாட்டுவான். ஆக்ஷனேட்டர் மாதிரி ஒரு ஆட்-ஆன் ஒற்றை விலையைக் காட்டும்; போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது காட்டும் “சந்தை விலை” விற்பவர்கள் போட்டிருக்கும் விலைதான், விற்ற விலை இல்லை. விற்ற விலை தெரிய நாமே நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

விளையாட்டின் இன்றைய வடிவமான ரீடெயிலில் இந்த வித்தை பாதி செல்லாது. 2020 ஜனவரியில் வந்த 8.3 பேட்ச் மூலிகை, தாது, டஸ்ட் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி, விலை குறைந்ததிலிருந்து விற்கும்படி செய்துவிட்டது; அவற்றுக்கு ஏலம் கேட்கவே முடியாது. வசதிதான், குறை சொல்லவில்லை. சேர்த்த கோல்டை நிஜப் பணத்துக்கு விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கையே முடக்கிவிடுவார்கள், அது இருக்கட்டும். அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே எனக்குச் சலித்துவிடுகிறது.

கையில் முதல் இல்லாதவர்கள் சிறுமுட்டையில் தொடங்குங்கள். பறவைகளைக் கொன்றால் விழும் முட்டை அது. வருடம் முழுக்க அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது, பிட்டும் சில காப்பர்தான். டிசம்பர் நடுவில் வின்டர் வெயில் திருவிழா தொடங்கியதும் ஜிஞ்சர்பிரெட் குக்கிக்கு ஆளுக்கு ஆள் அதைத் தேடுவார்கள். அக்டோபரிலிருந்தே கேட்டு வாங்கிப் பேங்க்கில் அடுக்குங்கள். திருவிழாவின் முதல் வாரத்திலேயே, ஐந்தைந்தாகப் பிரித்து விற்றுவிடுங்கள். ஜனவரி 2 தாண்டிக் கையில் நிற்கும் முட்டையை வெண்டர்தான் வாங்குவான்.